மேடம் சொன்ன வெடிப்பு

கஞ்சிக்கோட்டில் குழாய் செய்யும் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்தது மே மாதக் கடைசியில். ஆறு மாதம் தற்காலிகம். அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். முதலமடையில் எங்களுக்கு இருக்கும் மூன்று ஏக்கர் மாந்தோப்பை விட்டு வெளியே போய், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நான்தான். அந்த நாற்காலி போய்விடக் கூடாது. ஆறு மாதமும் எனக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. விண்ணப்பத்தில் மலையாளம் என்று போட்டு, பேச, படிக்க, எழுத என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் டிக் அடித்திருந்தேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். பஸ்ஸிலும் கடையிலும் புழங்குகிற மலையாளம் வரும். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். எழுதுவதைப் பற்றிப் பேச வேண்டாம். யாரிடமாவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் அந்த டிக் பொய்யாகிவிடும். அதனால் எதற்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன்.

வரவேற்பில் இருப்பவர்கள் சேலைதான் கட்ட வேண்டும். அதில் எனக்குப் பயமில்லை. கல்லூரிக் காலத்திலேயே ஃபோனில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் ஐந்து மடிப்பு, இடுப்பில் ஏழு மடிப்பு, வெளியே தெரியாமல் ஆறு ஊக்கு. இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாலும் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது. அந்தக் கட்டிடத்தில் என்னைப்போல மடிப்பு வைக்க இன்னொருவருக்குத் தெரியாது என்று இப்போதும் சொல்வேன்.

எனக்கு மேலே இருந்தவர் நிர்வாகத்தைப் பார்க்கும் மேடம். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். கைத்தறிச் சேலையில் அவர் நடந்து வந்தால் நாமும் முதுகை நிமிர்த்திக்கொள்வோம். முதல் நாள் என்னைத் தலையிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை காலடியில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"ஃப்ரண்ட் ஆபீசல்லே. வெடிப்பு சிரத்திக்கணம், கேட்டோ" என்றார்.

சிரத்திக்கணம் என்றால் கவனிக்க வேண்டும் என்று தெரியும். வெடிப்புக்கு யாரும் அர்த்தம் சொல்லவே தேவையில்லை. எனக்குக் காதெல்லாம் சுட்டது. தோப்பில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவள் நான். இரண்டு குதிகாலிலும் கோடையில் குளம் காய்ந்த மாதிரி வெடிப்பு. முகத்துக்குப் பவுடர் போட்டேன், கூந்தலை வலை போட்டுக் கட்டினேன், நகத்தை வட்டமாக வெட்டினேன். குதிகாலைப் பற்றி நினைக்கவே இல்லை. இந்த அம்மாள் ஒரு பார்வையில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். இவள் எங்கிருந்து வருகிறாள் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்திருப்பார் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்து, கல்லால் தேய்த்து, களிம்பு பூசி, காலுறை மாட்டிக்கொண்டு படுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலுக்கு என்ன கண்ணு ஆச்சு?"

"வெடிப்பும்மா. ஆபீசுல சொல்லீட்டாங்க."

"தோட்டங்காட்டுக்குப் போறவளுக்கு வெடிப்பு இருக்காதா. அதையெல்லாமா பாப்பாங்க?"

"அங்கெல்லாம் பாப்பாங்க. உனக்குத் தெரியாது."

வெடிப்பு ஒரு நாளில் ஆறாது. அதுவரைக்கும் மறைத்தாக வேண்டும். மூடிய ஷூ வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சேலைக்குக் கீழே அது காவல்காரரின் காலைப்போல இருந்தது. கடைசியில் சேலையை இறக்கிக் கட்டினேன். முன்பு தரைக்கு இரண்டு விரல் மேலே நின்ற கரை இப்போது தரையைத் தொட்டது. குதிகால் தெரியவில்லை. கண்ணாடியில் பார்க்க உயரமாகக்கூடத் தெரிந்தேன்.

ஜூனில் மழை வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் லாரிகள் உழுது போட்ட சேறு. கேட்டில் பை சோதிக்கும் அக்கா வாளையார்க்காரர், நம் பேச்சுப் பேசுபவர். என்னைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங் அம்முணி, பஞ்சாயத்துல உங்களுக்குத் தனியாச் சம்பளம் குடுக்கறாங்களா?"

"எதுக்குங்க்கா?"

"ரோட்டைக் கூட்டீட்டே வர்றீங்களே, அதுக்குத்தான்."

நானும் சிரித்தேன். உள்ளே போனதும் கரையில் ஒட்டிய சேற்றைக் கழிப்பறைக் குழாயில் நனைத்துத் துடைத்தேன். துடைத்த இடம் பழுப்பாகப் படர்ந்தது. கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். குதிகால் தெரியாமல் இருந்தால் போதும்.

துவைக்கும் கல்லருகே நின்று அம்மாவும் ஒரு நாள் சொன்னார். "கரையெல்லாம் மண்ணுக் கறை புடிச்சுப்போச்சு கண்ணு. எத்தனை தேச்சாலும் போவ மாட்டேங்குது. சித்த ஏத்திக் கட்டக் கூடாதா?"

"ஆபீசுல இப்படித்தாம்மா கட்டுவாங்க" என்றேன். கணுக்காலுக்கு மேலே சேலையைச் செருகிக்கொண்டு தோப்புக்குப் போகிறவருக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் முகத்தை வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆபீசில் படிக்கட்டுதான் எனக்குப் பெரிய தொல்லை. ஏறும்போது பின்னால் வருகிறவருக்குக் குதிகால் தெரியும். அதனால் யார் வந்தாலும் ஒதுங்கி நின்று முதலில் போகச் சொல்வேன். எவ்வளவு மரியாதையான பெண் என்று சிலர் சொன்னதும் உண்டு. வந்தவர்களை மீட்டிங் அறைக்கு அழைத்துப் போகும்போது பாதி திரும்பிப் பக்கவாட்டில் நடப்பேன். மேசைக்கு அடியில் இரண்டு காலையும் நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேடத்தின் செருப்புச் சத்தம் நடைவழியில் கேட்டால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் பேனா நின்றுவிடும். அவர் கடந்து போகும்போது நான் அவருடைய குதிகாலைப் பார்ப்பேன். புதுச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். அவர் சேலை எப்படி நிற்கிறது, கரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா என்றால் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் அவர் நின்றார். பார்வை நேராகக் கீழே போனது. "வெடிப்பின்றெ காரியம் ஞான் பறஞ்ஞதல்லே?" என்றார். சொன்னேன் இல்லையா என்று கேட்கிறார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சேலையை இன்னும் ஒரு விரல் இறக்கி ஊக்குக் குத்திப் பழகினேன்.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். வெறுங்காலோடு அத்தனை பேருக்கு நடுவில் நிற்பதை ஒரு வாரமாக நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனதும் சுவரைப் பார்த்து ஓடி, குதிகால் இரண்டையும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். பூஜை முடியும்வரை நகரவில்லை. ஆனால் கடைசியில் கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். குங்குமம் கரைத்த தண்ணீர் தரையில் ஓடியது. நான் குதிகாலை மறைக்கும் அவசரத்தில் சேலையைத் தூக்காமலே அதில் நடந்தேன். இளமஞ்சள் சேலை. முன்கரை முழுவதும் சிவப்பாகிவிட்டது.

நிமிர்ந்தால் எதிரில் மேடம். மூன்றாம் முறை அதே வார்த்தையைச் சொன்னார். இந்த முறை வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சும் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். களிம்பு வேலை செய்தது. அக்டோபர் முடிவதற்குள் என் குதிகாலில் ஒரு கோடுகூட இல்லை. தடவிப் பார்த்தால் என் கால் மாதிரியே இல்லை. சேலையை மட்டும் நான் ஏற்றவில்லை. பழகிவிட்டது, பயமும் போகவில்லை.

நவம்பரில் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் பெயர் எழுதிய கோப்பு. அவர் உட்காரச் சொல்லவில்லை. கோப்பைத் திறக்காமல் என் காலடியைப் பார்த்தார்.

"மூணு பிராவஸ்யம் பறஞ்ஞு" என்றார். மூன்று முறை சொல்லிவிட்டேன் என்று. "இப்பழும் ஒரு வெடிப்பும் இல்லா."

இப்போது ஒரு வெடிப்பும் இல்லை. அப்படித்தான் என் காதில் விழுந்தது. சேலைக்குள்ளிருந்து எப்படிப் பார்த்தார் என்று யோசிக்கக்கூட இல்லை. ஆறு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. சிரித்தேன். நன்றாகவே சிரித்திருப்பேன்.

"தாங்க்யூ மேடம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எந்தினா தாங்க்யூ?" என்றார். எதற்கு என்று.

"எல்லாம் போயி மேடம். தெவசம் மருந்நு இட்டு" என்றேன், தினமும் மருந்து போட்டதைச் சொல்லி. நம்பாமல் கேட்கிறார் என்று நினைத்து, பக்கவாட்டில் திரும்பிச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் குதிகாலைக் காட்டினேன்.

அவர் என் குதிகாலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, என் கையில் இருந்த சேலைக் கரையைப் பார்த்தார். ஏதோ பெரிய தவறு செய்துவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. என்ன தவறு என்று மட்டும் தெரியவில்லை.

"இது விண்டுகீறலல்லே" என்றார் அவர் மெதுவாக, என் காலைக் காட்டி. தமிழும் மலையாளமும் கலந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். காலில் வருவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மலையாளத்தில் வெடிப்பு என்றால் சுத்தம், நேர்த்தி. முதல் நாள் என் சேலைக் கரையில் பஸ் நிறுத்தத்து மண் ஒட்டியிருந்ததாம். அதைத்தான் பார்த்தாராம். பிறகு மழை வந்ததும் சேறு, பிறகு குங்குமம். ஒவ்வொரு முறை சொன்னபோதும் கரை இன்னும் கீழே இறங்கி இன்னும் அழுக்கானதைப் பார்த்து, வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்தாராம்.

வெடிப்பை மறைக்கப் போய் அவர் கேட்ட வெடிப்பை நானே கெடுத்திருக்கிறேன். என் குதிகாலை அந்த ஆறு மாதத்தில் ஒருவரும் பார்க்கவே இல்லை.

"எந்தே ஒருவட்டம் சோதிச்சில்லா?" என்றார். ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதிலைச் சொன்னால் டிக் அடித்த கட்டம் வெளியே வரும். அவர் விரல் கோப்பின் மேல்தான் இருந்தது. பொய் சொல்லவும் வார்த்தை வரவில்லை. "பேச மட்டுந்தான் மேடம் நல்லாத் தெரியும். படிக்கறது மெதுவா. எழுத வராதுங்க" என்று தமிழில்தான் சொல்ல முடிந்தது, அதுவும் எங்கள் வீட்டுத் தமிழில்.

அவர் கோப்பைத் திறந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நிரந்தரக் கடிதம் இந்த மாதம் இல்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். "மனசிலாவாத்தது சோதிக்கணம்" என்றார். புரியாததைக் கேட்க வேண்டும். "சோதிச்சில்லெங்கில் பின்னெ இவிடெ இரிக்கண்டா." கேட்கவில்லையென்றால் இங்கே இருக்க வேண்டாம். இதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கழிப்பறைக்குப் போய் ஊக்குகளைக் கழற்றி, கரையைத் தரைக்கு மூன்று விரல் மேலே ஏற்றிக் குத்தினேன். அவசரத்தில் ஒரு ஊக்கு விரலில் ஏறியது. மேசைக்குத் திரும்பினால் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். கூரியர்க்காரர்கள் ஃபோனில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இவர் ஒரு தடித்த நோட்டை விரித்து வைத்தார்.

"கைப்பற்றி எந்நு எழுதி ஒப்பிட்டோளூ" என்றார்.

எதைக் கைப்பற்றினேன், எதோடு எதை ஒப்பிட வேண்டும். நேற்றாக இருந்தால் தலையாட்டிவிட்டு, எதையோ கிறுக்கி, அது என்னவாகுமோ என்று ஒரு வாரம் செத்துப் பிழைத்திருப்பேன். பின்னால் மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் பேசினால் அங்கே கேட்கும்.

"அந்த வாக்கு எனிக்கு அறியில்லா. அதின்றெ அர்த்தம் எந்தா?" என்றேன். குரல் தேவைக்கு மேலே பெரிதாக வந்துவிட்டது.

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "புதிய ஆளாணோ?"

"அல்ல. ஆறு மாசமாயி."

கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். தமிழில் எழுதினாலும் போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். எழுதினேன். ஊக்கு ஏறிய விரலோடு போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.