கஞ்சாவும் என் சுருட்டும்

பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே பறிகொடுத்துவிடுவோமோ என்று நான் நடுங்கிய வருஷம் அது. எழுபதுகளின் ஆரம்பம். எங்களுக்குச் சாக்கோட்டைப் பக்கம் விவசாயம். ஒரே மகன் நடராஜன், பதினேழு வயது, காரைக்குடியில் கல்லூரிப் படிப்பு. ஐப்பசியில் அவன் சட்டையைத் துவைக்கப்போன என் மனைவி, பையிலிருந்து ஒரு கஞ்சாப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

அடித்தேன். எல்லாம் கூடப் படிக்கும் செல்வத்தின் சகவாசம் என்று, அவன் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். முருகா, அந்தப் பயலை என் பிள்ளையிடமிருந்து பிரித்துவிடு என்று தினமும் அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. நடராஜன் இளைத்துக்கொண்டே போனான். பரீட்சையும் எழுதவில்லை.

மார்கழியில், பழனிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டு மாலை போட்டேன். விரதம் என்பதால் சுருட்டை விட வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளே கை தானாக மடியில் சுருட்டைத் தேடியது. எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். சாமி முன்னால் உட்கார்ந்தாலும் சுருட்டு ஞாபகம்தான். கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நடராஜனுக்கு எட்டு வயதிருக்கும்போது, கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் என் சுருட்டைப் பற்றவைத்து வரச்சொல்லி அனுப்புவேன். வழியில் அணையாமலிருக்க அவன் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டே வருவான். கெட்டிக்காரன் என்று நானே மெச்சியிருக்கிறேன். அப்போது அவனுக்குச் செல்வத்தைத் தெரியவே தெரியாது.

வெட்கத்தை விட்டு இதை மகனிடமே சொன்னேன். தானும் என்னோடு நடந்து வருவதாக அவன் சொன்னான்.

மறுநாள் காலையில் செல்வம் வந்து நின்றான்.

"நீங்க ஏசுனீக, பரவாயில்லப்பா. அவன் விட்டாத்தான் நானும் விட முடியும். என்னையும் கூட்டிட்டுப் போறீகளா?"

சரி என்று தலையை ஆட்டினேன்.

தைப்பூசத்துக்கு மூவரும் நடந்தோம். குன்றக்குடி தாண்டியதுமே பையன்கள் இருவருக்கும் உடம்பு உதறியது. ஒருவன் திரும்பிவிடலாம் என்றால் மற்றவன் கையைப் பிடித்து இழுத்தான். நத்தம் பக்கத்தில் யாரோ ஒருவன் கஞ்சாவை நீட்டினான். முதலில் வேண்டாம் என்றது செல்வம்தான்.

ஊர் திரும்பிய பிறகு நடராஜன் ஒருமுறை மறுபடியும் கஞ்சாவைத் தொட்டுவிட்டான். ஓடி வந்து என்னிடம் சொன்னவனும் செல்வம்தான். ஆறு வருஷமாகிறது. இருவரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். நானும் சுருட்டைத் தொடவில்லை. நான் கேட்டபடியே முருகன் செய்திருந்தால், என் மகன் அன்று தனியாக நின்றிருப்பான். நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அன்பர்களே, பிள்ளைக்காக அழுகிறவர்கள் நம்பி அழுங்கள். முருகன் கேட்பான். அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது, பிள்ளையின் சிநேகிதன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.