முசே வெளியே போன கதை

சமையலறை ஜன்னலின் வளைந்த கம்பி வழியாக முதலில் மீசை வரும், பிறகு தலை, பிறகு சாம்பல் நிற உடம்பு. சைகோனில் எங்கள் வீட்டுப் பூனை விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் திரும்பும். பிரெஞ்சுத் துரைமாரை எங்கள் சொந்த ஊரான காரைக்காலில் சனங்கள் 'முசே' என்பார்கள். அதன் நடையைப் பார்த்து அப்பா வைத்த பெயரும் அதுவே.

முசே பகலெல்லாம் எங்கே போனது என்பது என் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். போர் முடிந்து ஆட்சி மாறி, தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்களை வெளியே விட அம்மாவுக்குப் பயம். தங்கை பூனையை மடியில் போட்டுக்கொண்டு, தான் போக முடியாத இடங்களுக்கெல்லாம் அதை அனுப்பிவைப்பாள்.

"அக்கா, இன்னிக்கு முசே பென்தான் சந்தைக்குப் போனாரு. நண்டு விக்கிற கிழவி துடைப்பத்தத் தூக்கிக்கிட்டு, 'நீ எந்த ஊரு'ன்னு கேட்டுச்சு. பிரெஞ்சுன்னா புடிச்சுக்குவாங்கல்ல? 'நான் இந்தியா'ன்னு சொல்லிட்டு வாலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு."

"அப்ப அவருக்கும் பிளேன்ல ஒரு சீட்டு கேட்டுட வேண்டியதுதான்" என்று அப்பா சிரித்தார்.

அவருக்கு அது விளையாட்டு. தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து முசே வேறெங்கும் போகவில்லை. த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கே போனது. அங்கே வியட்நாம் பெண்கள் கருவறைக்குப் பின்னால் கற்சுவரில் முகத்தை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். முசேயும் கன்னத்தைத் தேய்த்து, 'என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு தாயே' என்று கேட்டதாம்.

"கருவாடு கேட்டிருக்கும்டி" என்றாள் அம்மா.

எங்கள் முறையும் வந்தது. புறப்படும் நாளில் அம்மா விடியுமுன்னே எழுந்து சாமி கும்பிட்டு, அரிதாய்க் கிடைத்த மீனையும் சோற்றையும் முசேக்குப் பிசைந்து வைத்தாள். தின்று முடித்ததும் அதை வெளியே விட்டு ஜன்னலைச் சாத்தினாள். பயணத்தில் பூனை குறுக்கே போய்விடக் கூடாதே! நாளைக்கு என்ன என்று தெரியாமல் பிள்ளைகளோடு கிளம்புகிறவள் சகுனம் பார்த்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வீட்டில் யாராவது பயணம் புறப்பட்டால் நானும் முன்னால் போய்த் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

தங்கை வீடெல்லாம் தேடினாள். வாசலில் வண்டி நின்றது.

"கோயிலுக்குத்தான் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. கொஞ்சம் இருங்கப்பா."

அப்பா அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அவள் அழவில்லை. தெரு முடியும்வரை ஒவ்வொரு கூரையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அம்மன் அருளால் காரைக்காலுக்கு நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தோம். ஆனால் தங்கை கதை சொல்வதை விட்டுவிட்டாள். "முசே இன்னிக்கு எங்கடி போனாரு?" என்று நான் கேட்டுப் பார்ப்பேன். "தெரியலக்கா" என்பாள். கடைசிக் காலத்தில் அம்மாவே ஒருநாள் சொன்னாள்: "குறுக்க போனா போயிட்டுப் போகுது. புள்ளைய ஒரு தடவ கொஞ்ச விட்டிருக்கலாம்."

போன மாதம் தங்கை வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மதிலிலிருந்து ஒரு பூனை தெருவில் குதித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டாள்: "அத்தை, அது எங்க போகுது?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வருபவள் போல உதடு பிரிந்தது. நான் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"வெளிய போகுதும்மா" என்றாள்.