ஏழரை மணி ஆராதனையும் பதினொரு குடும்பங்களும்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் எல்லோரும் வரிசையாகப் போய் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஆயர் பிடித்திருக்கும் தட்டில் மடித்த அட்டைகள் கிடக்கும். கையில் எந்த வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்தது. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். "உனக்கு என்ன வந்துச்சு?" என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். சுகம் தருகிற வசனம், வீடு தருகிற வசனம், பிள்ளைக்கு வரன் தருகிற வசனம் என்று ஆளாளுக்கு ஓர் ஆசை.

அந்த வருஷம்தான் நான் சபைச் செயலாளர் ஆகியிருந்தேன். மயிலாப்பூரில் இருக்கிற எங்கள் பழைய கோயிலில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் நான். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். போதாததற்குத் தேர்தலில் ஜெயித்த மிதப்பு வேறு. தட்டுக்கு முன்னால் நின்றபடியே அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். முதலிடம் கேட்கிறவர் எல்லாருக்கும் வேலைக்காரராக இருக்கட்டும் என்கிற வசனம். சுருக்கென்றது. "ரெண்டு அட்டை ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு, ஐயா" என்று ஆயரிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைத் திரும்பப் போட்டு வேறொன்றை எடுத்தேன். என்னை யாரும் எதிர்த்து நிற்க முடியாது என்று வந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது.

எனக்குப் பின்னால் நின்ற பெண் நான் திரும்பப் போட்டு மேலாகக் கிடந்த அட்டையையே எடுத்தார். தி.நகரில் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. கால்வாய் ஓரத்தில் குடியிருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசை வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பதினொரு குடும்பங்கள் எங்கள் சபை. அவர் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம் இது? நான் டெய்லி செய்ற வேலையவே எழுதிக் குட்த்துக்கீறாரு!"

நானும் சிரித்துவைத்தேன். அப்போது எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

எங்கள் ஆராதனை ஏழரை மணிக்கு. முதல் வேதபாடம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவோம். பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டில்தான் மறுபடி திறப்போம். அந்தப் பதினொரு குடும்பங்களும் எட்டு மணிக்கு மேல்தான் வந்து சேருவார்கள். வெளியே பிள்ளைகள் சத்தம் போடும், முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு என்னிடம் வந்து முறையிடுவார்கள். சபை எல்லைக்கு வெளியே குடிபோனவர்கள் இரண்டு வருஷத்துக்குள் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்துச் சபைக்குப் போக வேண்டும் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. யாரும் தொடாத விதி. நான் தொட்டேன். சபையில் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமென்று பவுல் எழுதியதைக் கமிட்டியில் எடுத்துச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் ஒரு ஞாயிறன்று பதினொரு குடும்பங்களின் பெயர்களையும் டைப் செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பலகை முன்னால் அந்தத் துணிக்கடைப் பெண் நின்றிருந்தார்.

"மேடம், இது இன்னா லிஸ்ட்டு?"

"உங்க வசதிக்குத்தாம்மா. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சபையில சேர்ந்துக்கலாம். இவ்வளவு தூரம் பஸ்ல அலைய வேண்டாம் பாருங்க."

"கால்வாகிட்டயும் இப்டித்தான் சொன்னாங்கோ, உங்க வசதிக்குன்னு. செவுத்துல லிஸ்ட்டு ஒட்னாங்கோ. மறுவாரம் வூடு இல்ல." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என் கல்யாணம் இந்தக் கோயில்ல. புள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் இங்க. வூட்ட எட்த்துக்கினாங்கோ, சரி. கோயிலும் போச்சின்னா இந்த ஊர்ல எங்களுக்கு இன்னா கீது மேடம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் இல்லாதபோது எனக்கு அதுதான் வரும். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று வெட்டிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தேன். அடுத்த தடவை அவர் கேட்டால் நறுக்கென்று சொல்ல ஒரு வசனம் தேடலாம் என்று வேதத்தைத் திறந்தேன். எனக்கு வேதம் அதுவரை அப்படித்தான் பயன்பட்டது, அடுத்தவர் வாயை அடைக்க. நான் தட்டில் திருப்பிப் போட்ட வசனம் வருகிற இடம் கண்ணில் பட்டது. தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும், வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கம், அசல் வெட்கம். அந்த வசனம் என்னைத் தேடி வந்தது, நான் பொய் சொல்லித் துரத்திவிட்டேன்.

சாயங்காலமே கோயிலுக்குப் போய், யாரையும் கேட்காமல் பட்டியலைக் கிழித்தேன்.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் ஆட்டோ பிடித்து அவர்கள் குடியிருப்புக்குப் போய், அவர்களோடு பஸ்ஸுக்கு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு என்பது ஒரு தகவலாக எனக்குத் தெரியும். நின்று பார்த்தால்தான் கால் வலி தெரிகிறது. முதல் பஸ் வரவே இல்லை. இரண்டாவதில் ஏறி, அடையாறு வரைக்கும் தொங்கிக்கொண்டு வந்து, கோயிலை அடையும்போது எட்டேகால். கதவு சாத்தியிருந்தது. நான் பழக்கிய ஆள்தான் உள்ளே காவல். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வெயிலில் எல்லோரோடும் நின்று, உள்ளே வாசித்த வேதத்துச் சங்கீதத்தைக் கேட்டேன். பாதி வரிகள் காதில் விழவில்லை.

ஆராதனையை எட்டரைக்கு மாற்ற வேண்டும், மாற்றுக் கடிதப் பேச்சையே விட வேண்டும் என்று கமிட்டியில் வைத்தேன். "லிஸ்ட் போட்டதே நீங்கதானே?" என்று ஒரு மூத்த உறுப்பினர் மடக்கினார். "நான்தான். தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அட்டை விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன். ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஏழரை என்பது தாத்தா காலத்து நேரம், வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டாமா என்று கத்தினார்கள். தோற்றேன். அடுத்த மாதம் மறுபடி வைத்தேன், மறுபடி தோற்றேன். அடுத்த தேர்தலில் எனக்கு ஒரு ஓட்டுகூட விழாது என்று காதுபடவே சொன்னார்கள். விழாவிட்டால் போகட்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். கமிட்டியில் இருந்த முன் வரிசைக்காரர்கள் நால்வரை அந்த பஸ்ஸிலேயே கூட்டி வந்தேன். மூன்றாம் கூட்டத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

எட்டரை மணி ஆராதனையின் முதல் ஞாயிறு. நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நாலு வார்த்தை வரவேற்றுப் பேசுவதாக உத்தேசம், மனதுக்குள் ஒத்திகையும் பார்த்திருந்தேன். எட்டு இருபதுக்கு பஸ் வந்தது. துணிக்கடைப் பெண் முதலில் இறங்கி, ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவரைத் தாங்கி இறக்கினார். பின்னாலேயே குடும்பங்கள் இறங்கின. நான் கைகூப்பி, தொண்டையைச் செருமினேன்.

"இன்னா மேடம், வழில நின்னுகினு? பெர்சு முன்னாடி படிலாம் ஏற மாட்டாரு. ஓடிப் போய் சைடு கதவத் தொறங்கோ, மணி ஆவுது!"

முப்பது வருஷம் ஆபீஸில் ஆட்களை விரட்டியவள் நான். என்னை இப்படி ஒருவர் விரட்டியதில்லை.

"இதோம்மா" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.