அக்கா கொடுத்துவிட்ட பதில்கள்

என் அக்காவுக்கு அவளிடம் படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் பதினொரு நிமிஷ டீச்சர். ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை மொத்தமே பதினொரு நிமிஷம்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் எடுத்தவுடன் இரண்டு கேள்வி கேட்பார். உங்களுக்கு எதில் ஆர்வம்? வருங்காலத்தில் என்ன வேலை பார்க்க ஆசை? இந்த இரண்டில் தடுக்கி விழாமல் தாண்டிவிட்டால் மிச்சத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்பாள் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், மூன்று அறைகள் கொண்ட பயிற்சி நிலையம். பத்தொன்பது வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினாள்.

நான் அவள் தங்கை. பல் டாக்டர் கிளினிக்கில் வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். வலியோடு வருகிறவர்கள் டாக்டரிடம் பணிவாக இருப்பார்கள், எரிந்து விழுவது என்மேல்தான். எனக்கும் கோபம் மூக்கு நுனியில் என்பதால் பொருத்தம் நன்றாகவே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா, அம்மா போன பிறகு மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் சேர்ந்தே இருந்தோம். மாலை ஐந்து மணிக்குச் சமையலறை மேஜையில் டீ. அன்றைக்கு வந்த ஆட்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, அக்கா புரையேறும்வரை சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுவதும் பொறுமையாக இருந்தேன். பொறுமையாக என்றால், என் அளவில்.

அக்காவிடம் வந்தவர்கள் எல்லாம் வேலை உரிமத்துக்காக இந்தப் பரீட்சையைப் பாஸ் செய்தாக வேண்டிய வயது வந்தவர்கள். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறவர். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற இவர்களிடம் போய் எதில் ஆர்வம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். தூங்கப் பிடிக்கும் டீச்சர் என்பார் ஒருவர். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் கேலி பேசவில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

நிலையத்தின் முதலாளி இதற்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வைத்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் தயார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வரலாம். ஆனால் ஒரே நாளில் பதினேழு பேர் வரிசையாக வந்து பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வம் என்றால் எந்தத் தேர்வாளர் நம்புவார்? பதினேழு பேரும் ஃபெயில்.

அக்காவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லாதவருக்குத் தன்னுடைய ஆர்வம் ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். எழுதிக் கொடுக்கமாட்டாள். எதிரே ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். எப்போது ஆரம்பித்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கையில் என்ன பட்டது? என்ன வாசனை வந்தது? பதில் வராத இடத்தில் அக்கா குனிந்து காதோடு சொல்வாள். நாலைந்து நாள் இதே கேள்விகள், திரும்பத் திரும்ப. ஆறாவது நாள் அவள் சொல்லித்தர வேண்டியிருக்காது. அந்த ஆள் தானாகவே பேசுவார், கண்ணில் பளபளப்போடு. அப்படிப் பேசியவர்களில் ஒருவர்கூடப் பரீட்சையில் தவறியதில்லை.

முதலில் கொடுத்தது நீச்சலை. வாங்கிக்கொண்டவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் தேர்ச்சி பெற்று மூன்று மாதம் கழித்து எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோய், அதே மனிதர் கருவிப் பையோடு வந்தார். நான் டீச்சரின் தங்கை என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. தினமும் காலையில் நீச்சல்குளத்துக்குப் போகிறாராம். ஏழு வயதில் கற்றுக்கொண்டாராம். அப்பா வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்குவாராம், அவர் மோதிரம் வயிற்றில் சில்லென்று படுமாம்.

எனக்கு உள்ளங்கால் கூசியது. அந்த மோதிரத்தை எனக்குத் தெரியும். பச்சைக்கல் வைத்த எங்கள் அப்பாவின் மோதிரம். அந்தச் சில்லிப்பு என் வயிற்றிலும் பட்டிருக்கிறது.

அந்தக் குளம் எங்கே இருந்தது என்று கேட்டேன். திருப்புளியை நிறுத்தினார். அவர் பிறந்த ஊரில் குளம் எதுவும் கிடையாதாம். "தெரியலைங்க. ஆனா அப்பா கூட்டிட்டுப் போனார்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேலையில் குனிந்துகொண்டார்.

அன்று மாலை இதைப் பெரிய வேடிக்கை போல அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீந்தப் போனவள் மூன்று மாதமாகப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே போய் அவளுடைய நீல நீச்சலுடையை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது உன்னுதா?" என்றாள்.

வயசாகிறது, மறதி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டு முகவரி, பஸ் எண், கூடப் படித்தவர்களின் பெயர் என்று கேட்டதற்கெல்லாம் கடகடவென்று சொன்னாள். மூளை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார் அவர். இருந்தது. நடுவில் சில இடங்கள் மட்டும் துடைத்து எடுத்தது போல் காலி.

பால்கனியில் தக்காளிச் செடி வைப்பதைக் கிடங்குக்காரருக்குக் கொடுத்தாள். தொட்டிகள் காய்ந்தன. எடுத்துப் போடட்டுமா என்று என்னிடமே கேட்டாள். பழைய வரைபடங்கள் சேர்ப்பதை ஒரு பஸ் ஓட்டுநர் வாங்கிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் அக்கா இறக்கிச் சுருட்டி, அந்த ஓட்டுநருக்கே அனுப்பிவைத்தாள். அவருக்கு ரொம்பப் பிடிக்கும் பாரு, பாவம் என்றாள். கொடுத்துச் சிவந்த கை என்பார்களே, இவளுக்குக் கை சிவக்கவில்லை, வெளுத்துக்கொண்டே போனது.

எனக்கு நெஞ்சு பதறியது அதன் பிறகுதான். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அதற்கான மூன்று தேர்வுகளில் இரண்டைப் பாஸ் செய்திருந்தாள். பேக்கரியில் ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற ஒரு பெண், வருங்கால வேலை பற்றிய கேள்விக்குப் பதில் இல்லாமல் வகுப்பில் அழுதிருக்கிறாள். அக்கா இந்த ஆசையை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் சாம்பல் நிறக் கோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீதிமன்றத்தில் வேலை கிடைத்துவிட்டதாம், டீச்சரிடம் சொல்ல வந்தாளாம். அக்கா மனசார வாழ்த்தினாள். எவ்வளவு நல்ல வேலை, எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை பார் என்று அவளிடம் ஆச்சரியப்பட்டாள். அந்தப் பெண் போனதும் அலமாரியிலிருந்து அக்காவின் இரண்டு சான்றிதழ்களை எடுத்து அவள் முகத்துக்கு எதிரே நீட்டினேன். பெயரைப் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். என் பெயர்தான், யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்றாள்.

அன்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினேன். இன்னும் என்னென்ன மிச்சம் வைத்திருக்கிறாய், சொல் என்றேன். அக்கா வலது கையை விரித்து எண்ணத் தொடங்கினாள். கட்டைவிரலைத் தொட்டாள். ஆள்காட்டி விரலுக்கு வரவில்லை.

"நம்ம டீ இருக்கு. உன்கூட உக்காந்து நீ பேசறதைக் கேக்கறது. அது ஒண்ணுதான்டி."

"அதை யாருக்காவது குடுத்தே, நான் உயிரோடவே இருக்கமாட்டேன்."

"உன்னைப் போய்க் குடுப்பேனாடி?" என்று என் தலையைத் தடவினாள். நம்பினேன்.

அந்த வருஷம் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்த ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். மூன்று தடவை தவறியவள். இந்த முறையும் தவறினால் வேலை உரிமம் ரத்தாகிவிடும், வேறு பிழைப்பு இல்லை. நல்ல ஆங்கிலம்தான், இலக்கணத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, ஆனால் ஆர்வம் என்ற கேள்வி வந்தால் வாய் அடைத்துப்போகும் என்று அக்கா டீ குடிக்கும்போது சொல்வாள். அவளுக்கு யாருமே இல்லை, எதுவுமே இல்லை, எதைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டேனென்கிறது என்று வருத்தப்படுவாள். இதை அவள் மூன்று நாள் தொடர்ந்து சொன்னபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னுடைய ஆர்வம் எதையாவது கொடேன், ஊர் வம்பு நிறைய இருக்கிறது என்றேன். சிரித்தாள். தன்னுடையதாக இருந்தால்தான் ஒட்டும், முயற்சி செய்து பார்த்துவிட்டேன் என்றாள்.

அடுத்த வாரம் ஐந்து மணி டீயில் அவள் முகத்தில் ஏதோ குறைந்தது. நான் சொன்னதைக் கேட்டாள், ஆனால் சிரிப்பு ஒரு மூச்சு தாமதமாக வந்தது. மறுநாள் இரண்டு மூச்சு. அதற்கு அடுத்த நாள், நான் பாதி சொல்லும்போதே கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

கிளினிக்கில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுப் பயிற்சி நிலையத்துக்கு ஓடினேன். மாடிப்படி ஏறும்போதே ஆங்கிலப் பேச்சுக் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. சன்னல் ஓரமாக இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே. ஒன்றில், அங்கே படிக்கும் ஒரு தையல்காரர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண். அக்கா சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றாள். குனியவில்லை, காதோடு எதுவும் சொல்லவில்லை.

ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும் என்று தையல்காரர் கேட்டார். தங்கையோடு டீ குடிக்கப் பிடிக்கும் என்றாள் அந்தப் பெண். எப்போது ஆரம்பித்தது? அம்மா இறந்த வாரம் ஆரம்பித்தது, இரண்டு பேருக்கும் அழுகை நிற்கவில்லை, துக்கம் கேட்க வந்தவர்களை என் தங்கை ஒவ்வொருவராக நடித்துக்காட்டினாள், சாவு வீட்டில் சிரித்துவிட்டோம். தங்கை எப்படி இருப்பாள்? கோபக்காரி, ஆனால் கோபப்பட்டுவிட்டு உதட்டின் உள்பக்கத்தைக் கடித்துக்கொள்வாள்.

அப்போது நான் உதட்டின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஏன் கொடுத்தாய், கொடுக்கமாட்டேன் என்றாயே என்று கத்தினேன். அவள் பதறாமல் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வகுப்பு நடக்குதுங்க. நீங்க கொஞ்சம் கீழ இருங்க, முடிச்சிட்டு வந்துடறேன்."

பிறந்ததிலிருந்து என்னை நீ, வாடி, போடி என்பதைத் தவிர வேறு விதமாக அழைக்காதவள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

நான் தங்கை என்பது அவளுக்குத் தெரியும். பிறந்த வருஷம் கேட்டால் சரியாகச் சொல்வாள். வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைக்கும் முறை என்னுடையதான நாளிலும் குளியலறையை அவளே துடைத்துவைப்பாள், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வாடகையைப் பகிர்ந்துகொள்ள வந்த ஒரு நல்ல பெண்ணோடு குடியிருப்பது போல இருந்தது. ஐந்து மணிக்கு அவளுக்கும் சேர்த்து டீ போட்டு வைப்பேன். நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அவள் செய்தது எல்லாம் அந்த நாதியற்ற பெண்ணின் பிழைப்புக்காகத்தான். அது தெரிந்தும் அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பெண்மேல் வந்ததோ அதைவிடப் பத்து மடங்கு.

பரீட்சை முடிவு வந்த வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் அதே வெள்ளைச் சீருடை. அவள் பாஸ் செய்திருப்பாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. டீச்சர் இல்லை, வரத் தாமதமாகும், போய்விட்டு நாளைக்கு வா என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். வழி கேட்கவில்லை. சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முகம் ஏன்டி இப்படி வாடிக் கிடக்கு? மதியம் சாப்பிட்டியா இல்லையா?"

யாருடி நீ என்று கேட்டிருக்க வேண்டும். நான் டீ போட்டேன். கோப்பையை வைக்கும்போது, இன்றைக்கு ஒரு கிழவர் தன் பல்செட்டை என் மேஜையில் வைத்துவிட்டு இது என்னுடையது இல்லை என்று சண்டை போட்டதை என்னை அறியாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் புரையேறும்வரை சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்றாள். எத்தனையோ வாரமாக என் நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் மடைதிறந்த மாதிரி கொட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடு மாறி வந்துவிட்டவள் போல ஒரு கணம் அவள் முகத்தில் எதையோ தேடும் கலக்கம். இத்தனை வருஷம் அவள் எதிரே உட்கார்ந்து பதில் வராமல் விழித்த அத்தனை பேரும் இப்படித்தான் விழித்திருப்பார்கள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, எப்போது ஆரம்பித்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒன்று ஒன்றாகக் கேட்டிருந்தால், ஆறு நாள் கேட்டிருந்தால், ஒருவேளை வந்திருக்கும்.

"பேசிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் என்னடி ஆச்சு என்றாள் எதிரே இருந்தவள். நான் கதையின் பாதியில் இருந்தேன். மீதியையும் சொன்னேன்.