சூடு இருந்தது, வெயில் இல்லை

சென்ற ஆண்டு ஐப்பசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள்தான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோவையிலிருந்து கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீடு என்று பழக்கத்தில் எழுதுகிறேன். அக்கா இறந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய ஒரே மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் மச்சான் மட்டும். கூடவே மகள் விட்டுப் போன ஓர் இகுவானா.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஓணானைப் பல மடங்கு பெரிதாக்கி, பச்சை நிறம் பூசி, முதுகில் சீப்புப் பல் போல முள்வரிசை வைத்தால் அதுதான் இகுவானா. தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேல் வாழ்கிற பிராணி. இலை, பூ, காய் தவிர வேறெதுவும் தின்னாது. மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கினாள். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் வைத்திருந்தாள். மச்சானுக்கு அது வாயில் நுழையவில்லை. “கண்ணு” என்றே கூப்பிட்டார்.

ஊருக்குப் போகும் முன் அப்பாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆள் உயரக் கம்பிக்கூண்டு, உள்ளே ஏறுவதற்குக் கொய்யாக் கிளைகள், மேலே இரண்டு விளக்குகள். ஒன்று குண்டு பல்பு, சூட்டுக்கு. இன்னொன்று வெள்ளைக் குழல்விளக்கு, வெயிலுக்குப் பதிலாக. மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் வெயில் என்றாலே சூடு என்றுதான் அவர் மனசு எடுத்துக்கொண்டது.

அதில் தப்புச் சொல்ல முடியாது. மச்சான் இருபது வருடத்துக்கு மேலாகக் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், இவர் வளர்த்துக் கொடுப்பார். வந்து இறங்கும் குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் பல்பு வெளிச்சம்தான் தாய்க்கோழி. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம், பல்பை விட்டு விலகி ஓடினால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஆகவே ஆனி மாதக் காற்றில் கரண்ட் வந்து வந்து போனதில் அந்தக் குழல்விளக்கு அணைந்தபோது, அவர் கொஞ்சமும் பதறவில்லை. பண்ணையிலிருந்து குஞ்சுக்குப் போடுகிற சிவப்பு பல்பு ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் மாட்டினார். கூண்டை நகர்த்திக் கிழக்குச் சன்னலோரம் வைத்தார். காலை வெயில் அதன்மேல் முழுசாக விழுந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிண்டல்கூடச் செய்தாராம்: “ஏனுங்க, ஓணானுக்குக் கரண்ட் பில்லு கட்டறது நம்ம பக்கத்துல நீங்க ஒருத்தருதானுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சான் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இகுவானா படுத்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதன் பின்னங்கால் விரல்கள் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

“குளுருதுங்க மாப்ளே, நேத்து மழையில்ல” என்றார். “இன்னொரு பல்பு போடோணும்.”

தொடைகள் பருத்திருந்தன. நல்ல தீனி என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் முன்னால் வைத்த முருங்கைக்கீரையை அது முகர்ந்துவிட்டு அப்படியே விட்டது. கூண்டில் விட்டதும் கிளையைப் பிடிக்கப் பார்த்து, பிடி நழுவி, தொப்பென்று கீழே விழுந்தது. எழுந்திருக்கவில்லை. மச்சான் முகம் மாறிவிட்டது. “இது செத்துப்போட்டா எம்புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுங்க?” என்றார். கொஞ்சம் விட்டு, “எனக்கே இது இல்லீனா எப்படின்னு தெரியிலீங்க” என்றார்.

மறுநாள் காலை கோவைக்குக் கூட்டிவந்தோம். பறவை, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருந்தேன். குஞ்சு வந்து இறங்கும் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில்தான் மச்சான் வைத்துக் கொண்டுவந்தார். உக்கடம் நெரிசலில் கார் நின்று நின்று போனபோதெல்லாம் பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

காத்திருக்கும் இடத்தில் நாய்க்குட்டியோடு ஓர் அம்மா இருந்தார்.

“அண்ணா, பொட்டியில கோழிக்குஞ்சுங்களா?”

“இல்லீங் அம்மணி. என்ற புள்ளையோட ஓணான்.”

அந்த அம்மா நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். “கடிக்குமுங்களா?”

“வாயே தொறக்க மாட்டேங்குதுங்க” என்றார் மச்சான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். இகுவானாவின் தாடையை விரலால் லேசாக அழுத்திக் காட்டினார். ரப்பர் போல அமுங்கியது. எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை படிந்தது போல ஒரு கோடுதான் தெரிந்தது. தொடை பருத்திருந்தது சதையால் இல்லையாம், எலும்பு பலமிழந்து போனதால் வந்த வீக்கமாம். கூண்டில் எங்கே எவ்வளவு சூடு என்று கேட்டார். மச்சான் மேல் கிளையில் இவ்வளவு, கீழே இவ்வளவு, ராத்திரியில் இவ்வளவு என்று தடுமாறாமல் சொன்னார்.

“சூடு ரொம்பச் சரியா வெச்சிருக்கீங்க ஐயா” என்றார் டாக்டர். “வெயிலு?”

“காலையில சன்னலோரம் மேல முழுசா விழுகுமுங்க.”

“கண்ணாடி சாத்தியிருக்குங்களா?”

“நம்ம பக்கத்துக் காத்துக்குத் தொறந்து வெக்க முடியுங்களா அம்மணி?”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெயிலில் சூடும் வெளிச்சமும் போக, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் இந்தப் பிராணியின் உடம்பில் டி விட்டமின் உண்டாகும். அது இல்லாவிட்டால் எத்தனை கீரை போட்டாலும் அதிலுள்ள கால்சியம் எலும்பில் சேராது. உடம்பு தன் எலும்பையே கரைத்துத் தின்ன ஆரம்பித்துவிடும். கண்ணாடி சூட்டையும் வெளிச்சத்தையும் உள்ளே விடும், அந்தக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். கோழிக்குப் போடும் பல்பிலும் அது கிடையாது. அணைந்துபோன அந்தக் குழல்விளக்குதான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மச்சானால் ஏற்க முடியவில்லை. “இருவது வருசமா செட்டுல, நெழல்லதானுங்க கோழி வளக்கறேன். ஒரு கோழிக்குக்கூட எலும்பு இப்படி ஆனதில்லீங்க.”

“உங்க தீவன மூட்டையிலயே டி விட்டமின் கலந்து வருதுங்க ஐயா. வெயில் செய்யற வேலைய அந்த மூட்டை செஞ்சுருது. கோழி அதை எடுத்துக்கும். இதுக்கு அப்படித் தின்னு எடுத்துக்கற சக்தி ரொம்பக் கம்மிங்க.”

எனக்கும் அது புதுச் செய்தி. எத்தனையோ படிக்கிறேன், எத்தனையோ முறை அந்தச் செட்டுக்குள் போய் நின்றிருக்கிறேன். வெயில் படாத கோழி எப்படி நிற்கிறது, நடக்கிறது என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: “எப்பேர்ந்துங்க மேல ஏறாம இருக்கு?”

“ஆவணியில இருந்துங்க. முன்னெல்லாம் கிட்டப் போனா வாலால அடிக்கும், பரதேசி. கையில நிக்காது. அப்பறம் சாதுவாயிருச்சு. தூக்கி மடியில போட்டா போட்ட எடத்துலயே கெடக்கும். என்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னு…”

அசையாமல் கிடந்த அதன் வாலை மச்சான் தொட்டுப் பார்த்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே நாய்க்குட்டி குரைத்துக்கொண்டிருந்தது.

பிழைக்குமா என்று கேட்டதற்கு, முயற்சி செய்வோம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஊசி போட்டார். கால்சியம் மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி வாயோரம் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். புதுக் குழல்விளக்கு மாட்ட வேண்டும், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. விளக்கு எரிகிறதே என்று வருடக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், அந்தக் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். முடிந்த நாளில் காலையில் திறந்தவெளி வெயிலில், பக்கத்திலேயே நிழலும் இருக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே விளக்கு வாங்கி மாட்டிவிட்டோம். வெயில்தான் கிடைக்கவில்லை. அந்தக் கார்த்திகை முழுக்க மேகமும் தூறலுமாக இருந்தது. மழை நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த மாதம் குறிக்காத நாள் அபூர்வம். மேகம் விலகும் நேரம் பார்த்து மச்சான் அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு களத்துக்கு ஓடுவார். ஒரு நாள் காலை போன் செய்தார். “மாப்ளே, செம்பருத்திப் பூ ஒரு எதழு தின்னுச்சுங்க!” குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அக்கா போன பிறகு நான் கேட்டதில்லை.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு நாள் காலை அதற்குக் கைகால் இழுப்பு வந்தது. மருந்தைக் கையில் எடுக்கும் முன் உயிர் அடங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அதைக் களத்திலேயே துண்டின்மேல் கிடத்தி, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் தென்னைக்குப் பக்கத்தில் குழி எடுத்தோம்.

மகளிடம் நான் சொல்கிறேன் என்றேன். “வேண்டாங்க, நானே சொல்றேன்” என்று போனை வாங்கினார். பல்பு மாட்டியதிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, “நீங்க சாப்டீங்களாப்பா?” என்று கேட்டாள். “ஆச்சு கண்ணு” என்றார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் மச்சானைப் பார்த்துத் திருப்தியாகத்தான் போனார்கள். முன்போல வாதம் பண்ணுவதில்லை, யார் மேலும் எரிந்து விழுவதில்லை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், மனுசன் தேறிட்டாருங்க என்றார்கள். நான் அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது கிணத்துக்கடவுக்குப் போய்வருகிறேன். வேண்டுமென்றே அரசியல் பேசி வம்புக்கு இழுப்பேன். “உங்களுக்கு என்ன தெரியுமுங்க மாப்ளே?” என்று அவர் என் மேல் பாய்ந்தால் அன்றைக்கு நிம்மதியாக வீடு திரும்புவேன். யாரைப் பற்றியாவது “இப்பல்லாம் ரொம்ப சாதுவா இருக்காரு” என்று காதில் விழுந்தால், ஒரு எட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுகிறது.