சேஷாத்ரியின் ஓரடி வெள்ளம்

தலைநகரை டில்லிக்கு மாற்றுகிறோம் என்று சீமை ராஜா அறிவித்துவிட்டுப் போனாரே, அதற்கடுத்த மாசி மாதம். கல்கத்தாவே முகம் வாடிக் கிடந்தபோது, சேஷாத்ரி மட்டும் ஆற்றோரத் தோட்டவீட்டில் தங்கை காமாட்சிக்குக் கல்யாணப் பந்தல் போட்டார். சமையல் நான். அவர் காலமானார் என்று போன வாரம் பெஹாலாவிலிருந்து ஆள் வந்து சொன்னதும் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சேஷாத்ரிக்கு ஆற்றுத்துறை ஆபீசில் வேலை. கடல் ஓதத்தால் ஆற்று நீர் மணிக்கு மணி ஏறி இறங்குவதைக் கட்டம் போட்ட தாளில் வளைகோடாக வரைவார். துறைக்கு வரைந்ததையே தோட்டவீட்டுப் படித்துறைக்கும் மாற்றிப் பார்த்தார். இங்கே ஏற்றம் ஒன்றரை மடங்கு. இங்குள்ள அளவுகோலும் இரண்டடி தாழ்வாக நட்டது, அதையும் கூட்ட வேண்டும். முகூர்த்தத்தன்று காலை தாளும் கையுமாக ஓடிவந்தார்.

"ஓய் சுப்புணி! தண்ணி பந்தலுக்குள்ள வரப்போறது. அடுப்பையெல்லாம் மாடிக்குத் தூக்கும்!"

தூக்கினோம். சம்பந்திக்கு முழங்கால் வலி. "மாடி ஏறிப் பொண்ணெடுக்க நான் என்ன குரங்கா? வண்டியைக் கட்டச் சொல்லு, திரும்பிப் போறோம்" என்றார். காமாட்சி மாலையைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

அவருக்கு விளக்கிச் சொல்ல, சேஷாத்ரி பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து விரித்தார். அதில் சுண்ணாம்பால் அலை வரைந்து, கீழ்விளிம்பைப் பலகையில் ஆணியடித்து, மேல்விளிம்பை ஒன்றரை மடங்குக்கு இழுத்தார். அலை உயர்ந்தது, அடி நகரவில்லை. பிறகு அந்த இரண்டடிக்காகப் பலகையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ! இழுத்துட்டுன்னா தூக்கணும்? நான் ரெண்டடியை முதல்ல சேர்த்துட்டு இழுத்திருக்கேன். ரெண்டு மூணாயிடுத்து! அந்த ஓரடி வெள்ளம் என் தாள்லதான் இருக்கு, ஆத்துல இல்லே!"

"வந்துடுத்துன்னா?"

"என் தோள்ல உம்மைத் தூக்கிண்டு போறேன், சம்பந்தி."

சம்பந்தி பந்தலில் உட்கார்ந்தார். நீர் ஏறியது, ஏறியது. கடைசிப் படியை நக்கிவிட்டுத் திரும்பியது. "உம்ம தோள் பிழைச்சுது ஓய்!" என்று சம்பந்தி போட்ட சிரிப்பில் கெட்டிமேளம்கூடக் கேட்கவில்லை. தாலி ஏறும்போது நான் சாதத் தவலையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று சோறு மலையாக மிஞ்சியது. சேஷாத்ரி என் கணக்கைக் கேட்டார். சொல்லாமல் வருகிறவர்களுக்கென்று போடும் கூடுதல் படி அரிசியை முதலிலேயே சேர்த்து, பிறகு கூட்டத்துக்குத் தக்கபடி எல்லாவற்றையும் பெருக்குவேன். "நீரும் என் ஜாதிதான்! முதல்ல பெருக்கும், அப்புறம் அதைப் போடும். கூடுதல் கூடுதலாவே இருக்கட்டும் ஓய்" என்றார். அன்றிலிருந்து என் அடுப்பில் அந்த அரிசி கடைசியில்தான் விழுகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் சம்பந்தி இல்லை, மாப்பிள்ளை இல்லை, இப்போது சேஷாத்ரியும் இல்லை. சொல்லாமல் வந்து, "எனக்குன்னு போட்டது இருக்கா, சுப்புணி?" என்று கேட்க ஒருத்தி மட்டும் இருக்கிறாள்: கரியாஹாட்டில், காமாட்சி.