பூவளையத்துக்குள் புனிதவதி

புலம்பெயர்ந்து வந்து மல்வேர்னில் குடியிருந்து, மில்லிக்கன் பக்கத்து அச்சகமொன்றில் வேலை செய்த அருள்நாயகத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது: பழைய இசைத்தட்டுகளின் உறைகள். வீட்டில் தட்டுப் போட்டுக் கேட்க ஒரு பெட்டி கிடையாது. ஆனாலும் பழைய சாமான் கடைகளில் உறை உறையாக வாங்கிவருவார். எழுத்து எங்கே நிற்கிறது, முகம் எங்கே முடிகிறது என்று மனைவிக்குப் பாடம் எடுப்பார். அவள் கேட்டால்தானே!

தொண்ணூற்றாறில், கோயில்களில் பாடும் புனிதவதி அக்காவின் பக்திப்பாடல் கசற்றுக்கு அட்டை செய்யக் கேட்டதும் மனிதர் துள்ளிக் குதித்தார். நெஞ்சு ஒப்பரேசனுக்கு முன்னம் கசற் வெளிவந்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தனக்குப் பிடித்த பழைய ஆங்கில உறையொன்றைப் போலவே அருள்நாயகம் செய்தார்: பழுப்பு நிறத்தில் முட்டை வடிவப் படம், சுற்றிவரப் பூவளையம். நம்முடைய முறைக்கும் ஏதாவது வேண்டுமே என்று கீழே ஒரு குத்துவிளக்கு.

அக்காவின் கணவர் பெட்டிகளை வெளியீட்டு மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். அட்டையைப் பார்த்தாரோ என்னவோ. பிறகுதான் பக்கத்து மேசை யோகமலர் மிஞ்சிய ஒன்றைக் கையில் எடுத்தாள். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் வடிவமைப்பது அவளுடைய வேலை.

"ஐயோ பாவம். உந்த அம்மா எப்ப மோசம் போனவ?"

அருள்நாயகம் அட்டையை அவள் கையிலிருந்து பறித்துப் பார்த்தார். படம், பூ, விளக்கு. செத்தவர்களுக்குத்தான் இப்படிப் போடுவோம் என்பது எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். உறைப் பைத்தியம் இவர் கண்ணை மறைத்துவிட்டது. பஸ் பிடித்து ஓடினார். பஸ்ஸோ தரிப்புக்குத் தரிப்பு நின்று உயிரை வாங்கியது.

மண்டபத்தில் அட்டை கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் அட்டையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்காவின் கையிலும் ஒன்று இருந்தது.

"அக்கா, என்ர பிழை. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோறன்."

"வேண்டாம் தம்பி. ஆரிட்டயாவது சிவப்பு மாக்கர் இருக்கோ? உயிரோட இருக்கிறவளுக்குப் பொட்டு சிவப்பாயெல்லோ இருக்கோணும்."

பழுப்பில் கறுத்துப்போன பொட்டின்மேல் சிவப்பு வைத்தார், ஒவ்வோர் அட்டையிலும். அருள்நாயகத்துக்கு அழுகை வந்தது.

ஒப்பரேசன் முடிந்த பிறகும் செய்தி இல்லை. அச்சகத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் யோகமலரின் முகத்தையே பார்ப்பார். மரண அறிவித்தல் கொடுப்பவர்களும் அந்த எண்ணுக்குத்தான் எடுப்பார்கள். ஒரு மத்தியானம் அவள் றிசீவரை நீட்டினாள்.

"அண்ணை, புனிதவதி அக்கா வீட்டில இருந்து."

அவர் அதை வாங்கிக் காதில் வைத்தார். மறுபக்கம் மெலிந்த குரலொன்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது.

"தம்பி, கசற் எல்லாம் முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் அட்டை அடியும். பூ மட்டும் வேண்டாம்."